எதிரொலி இல்லாத அறை

ஒரே ஒரு கைதட்டல், அவ்வளவுதான், காலி அறையின் நடுவில் நின்றபடி சவுண்டு சிஸ்டம் அமைத்துத்தரும் அமலதாஸ் இரண்டு உள்ளங்கைகளையும் ஓங்கி ஒருமுறை தட்டுகிறான், தட்டிய கையைப் பிரிக்காமல் தலையைச் சாய்த்துக் காத்திருக்கிறான், சத்தம் எதிர்ச்சுவருக்குப் போய்த் திரும்பி, கண்ணாடி ஜன்னலில் பட்டு நடுங்கி, டைல்ஸ் தரையில் குண்டூசி டப்பா கவிழ்ந்ததுபோல் சிதறி, கூரையின் மூலையில் எங்கோ போய் அடங்குகிறது, கேட்டீங்களா சார், எவ்வளவு நேரம் சுத்துது பாருங்க என்கிறான், எனக்குப் பாதிதான் கேட்டது, முப்பத்தொரு வருஷம் துவாக்குடிப் பக்கம் ஒரு தகட்டுப் பட்டறையில் போர்மேனாக இருந்தவன் நான், இரும்பின்மேல் இரும்பு விழுந்து விழுந்து காதின் மெல்லிய நரம்புகள் எப்போதோ செத்துவிட்டன, ஆனாலும் தலையாட்டினேன், வாசற்படியில் நின்ற என் மனைவி ரஞ்சிதம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், நான் கேட்காததைக் கேட்டதாகச் சொல்வது அவளுக்கு மட்டும் எப்போதும் தெரிந்துவிடும்.

அது சுகந்தியின் அறை, எங்கள் ஒரே மகள், கல்யாணமாகி ஓசூருக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது, எடமலைப்பட்டி புதூர் வீட்டில் நானும் ரஞ்சிதமும் மட்டும், வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எனக்கு இருந்தது ஒரே ஆசை, ஒரு சினிமாவை அதன் வசனம் புரியப் பார்க்க வேண்டும், ஹாலில் டிவி ஓடும்போது பேச்செல்லாம் குழைந்துபோய் என்னிடம் வந்து சேர்கிறது, என்ன சொன்னான் என்ன சொன்னான் என்று கேட்டுக் கேட்டு ரஞ்சிதத்துக்கே அலுத்துவிட்டது, நான் ஸ்பீக்கரைத் திட்டினேன், அமலதாஸ் வந்து பார்த்துவிட்டு, ஸ்பீக்கர் மேல குத்தமில்ல சார், ரூம்தான் குத்தம், இந்தச் சுவரும் அந்தச் சுவரும் நேருக்கு நேரா மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கிது, நடுவுல சத்தம் பந்து மாதிரி போயிட்டுப் போயிட்டு வருது, ஒரு வார்த்தை முடியிறதுக்குள்ள முந்தின வார்த்தையோட வாலு வந்து இடிக்கிது என்றான், அவன் பாளையங்கோட்டைக்காரன், திருச்சியில் பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டவன், சத்தத்தைப் பற்றிப் பேசும்போது தெருவில் போகும் ஒரு ஆளைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவான், அது எங்கே நிற்கும், எதில் மோதும், எதைப் பார்த்தால் அடங்கும் என்று.

பிறகு ஒவ்வொரு பொருளாக அந்த அறைக்குள் வந்து சேர்ந்தது, தரைக்குத் தடித்த கார்ப்பெட், ஜன்னலை ஜிப்சம் பலகையால் அடைத்து அதன்மேல் மடிப்பு மடிப்பாகக் கனத்த திரை, ரெக்ஸின் சோபா வாங்கலாம் என்றேன், ரெக்ஸின் சத்தத்தத் திருப்பி எறியும் சார், துணி சோபாதான் குடிச்சுக்கும் என்றான் அமலதாஸ், பின்சுவருக்குச் சுகந்தியின் பழைய புத்தக அலமாரி அங்கேயே இருக்கட்டும் என்றான், மேடும் பள்ளமுமாக இருப்பதால் சத்தம் ஒரே திசையில் திரும்பாமல் கலைந்துபோகுமாம், பக்கச்சுவர்களில் மெத்தைப் பலகை எங்கே மாட்டுவது என்று கண்டுபிடிக்க ஒரு கண்ணாடி கேட்டான், ரஞ்சிதம் தலைவாரும் கண்ணாடியைக் கொண்டுவந்தாள், நான் சோபாவில் உட்கார்ந்திருக்க அவள் சுவரோடு ஒட்டிக் கண்ணாடியை மெல்ல நகர்த்திக்கொண்டே போனாள், அதில் ஸ்பீக்கர் எனக்கு எங்கே தெரிகிறதோ அந்த இடத்தில்தான் சத்தம் சுவரில் பட்டு என் காதுக்கு வருகிறது, அங்கே மெத்தை வைக்க வேண்டும், நிறுத்து நிறுத்து, தெரியுது என்றேன், அமலதாஸ் பென்சிலால் கோடு போட்டான், ரஞ்சிதம் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பினாள், ஸ்பீக்கர் போய் அவள் முகம் வந்தது, இது தெரியுதா என்றாள், ஐம்பத்தெட்டு வயதில் ஒரு குமரிபோல நாக்கைத் துருத்திக் காட்டினாள், இப்போதும் கண்ணை மூடினால் அந்தப் பென்சில் கோட்டுக்கு மேலே அந்த முகம் வருகிறது, வரும்போதெல்லாம் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறேன்.

கதவு மட்டும் நான் கேட்டது, அதை நான் எனக்கே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள வேண்டும், அமலதாஸ் கேட்கவில்லை, ரஞ்சிதம் கேட்கவில்லை, உள்ள சத்தம் நல்லாருக்கறதுக்குக் கதவு வேணாம் சார், மெத்தையும் கார்ப்பெட்டும் போதும், கனத்த கதவு போட்டா வெளிச் சத்தம் உள்ள வராது, அவ்வளவுதான் வித்தியாசம், யோசிச்சுக்குங்க என்றான், எனக்கு வெளிச்சத்தம் எதுவும் வேண்டாம் என்றேன், முப்பத்தொரு வருஷம் கேட்டாகிவிட்டது, நாலு பக்கமும் ரப்பர் பட்டை வைத்து, உள்பக்கமும் வெளிப்பக்கமும் பழுப்பு நிறத்தில் மெத்தை தைத்து, சாத்தினால் குளிர்பதனக் கிடங்கின் கதவுபோல ஒரு மூச்சு விட்டு இறுகிக்கொள்ளும் கதவு, ரஞ்சிதம் அதைத் தள்ளிப் பார்த்துவிட்டு, உள்ள போயிட்டீங்கன்னா நான் செத்தாக்கூடத் தெரியாது போலருக்கே என்றாள், வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு என்றேன், அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், நானும் சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னேன்.

ஆடி வெள்ளி, காலை பத்தேகால், அவள் அடுப்படியில் கொழுக்கட்டைக்கு அரிசி மாவு பிசைந்துகொண்டிருந்தாள், நான் படம் பார்க்க உள்ளே போனேன், என்ன படம் என்று இப்போது நினைவில்லை, நினைவில் இருப்பதெல்லாம் ஒரு மழைக்காட்சி, மழை அறையின் நாலு பக்கமும் பெய்கிறது, ஒவ்வொரு துளியும் தனித்தனியாக, எனக்குக் கேட்காமல் போன துளிகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டதுபோல ஒரு சந்தோஷம், அப்போது கதவு திறக்கிறது, வெளிச்சம் ஒரு கோடாக விழுகிறது, ரஞ்சிதம் நிற்கிறாள், வலது கையை இடது கையால் பிடித்துத் தேய்த்துக்கொண்டே ஏதோ சொல்கிறாள், அவள் உதடு அசைகிறது, மழையில் அவள் சொல்வது எனக்குக் கேட்கவில்லை, நான் படத்தை நிறுத்தவில்லை, கையை நீட்டிக் கதவைச் சாத்தச் சொல்லி ஆட்டினேன், ஒருமுறையல்ல, இரண்டுமுறை, இரண்டாவது தடவை கொஞ்சம் எரிச்சலோடு, அவள் ஒரு கணம் நின்றாள், பிறகு அவளே கதவைச் சாத்தினாள், மெத்தென்று, அவள் போனபிறகு டிவித் திரையின் ஓரத்தில் மணி பார்த்தேன், பதினொன்று இருபது, கொழுக்கட்டை ஆக இன்னும் எவ்வளவு நேரமாகும் என்பதற்காக மணி பார்த்தேன்.

அதற்கப்புறம் ஒரு அதிர்வு, தும் என்று, கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி தும், மழை நின்ற காட்சியிலும் அது வந்தது, பேஸ் ஸ்பீக்கரை மூலையில் வைத்தால் கனத்த சத்தம் எல்லாம் அந்த மூலையில் சேர்ந்துகொண்டு அறையே முனகும் என்று அமலதாஸ் முன்பே சொல்லியிருந்தான், அதுதான் என்று நினைத்தேன், மூலையை நாளைக்குச் சரி செய்யச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், ரிமோட்டை எடுத்து பேஸைக் குறைத்தேன், குறைத்தும் அது நிற்கவில்லை, இன்னும் குறைத்தேன், பிறகு நின்றுவிட்டது, சரியாகிவிட்டது என்று திருப்தியோடு சாய்ந்துகொண்டேன், சாய்ந்துகொண்டேன், அந்தச் சோபாவின் துணி என் முதுகை எப்படி வாங்கிக்கொண்டது என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது.

ஒன்றேகாலுக்குப் பசித்தது, எழுந்து கதவைத் தள்ளினேன், முழுசாகத் திறக்கவில்லை, அவள்மேல் முட்டி நின்றது, அடுப்படியிலிருந்து அந்தக் கதவுக்கு எட்டுத் தப்படி, அந்த எட்டுத் தப்படியையும் அவள் ஊர்ந்து வந்திருக்கிறாள், தரையெல்லாம் மாவு இழுபட்ட தடம், போன் அடுப்படி அலமாரியின் மேல்தட்டில், அவளுக்கு எட்டாத உயரத்தில், வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, வலது கை செத்த மீன்போல் மடங்கிக் கிடந்தது, கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்தது, கதவின் வெளிப்பக்கம், முழங்கால் உயரத்துக்கு, பழுப்பு மெத்தையின்மேல் வெள்ளையாகக் கைத்தடங்கள், இடது கை, ஐந்து விரலும் பதிந்து ஏழு இடத்தில், மரக்கதவாக இருந்தால் அந்த அடி வீடே அதிரக் கேட்டிருக்கும், மெத்தை அதைக் குடித்துவிட்டு கனத்த அதிர்வை மட்டும் உள்ளே அனுப்பியிருக்கிறது, அதைத்தான் நான் ரிமோட்டில் குறைத்தேன்.

ஆம்புலன்சில் வந்தவர் கேட்டார், இவ்வளவு நேரம் வீட்ல யாருமே இல்லையா சார், நான் வெளிய போயிருந்தேன் என்றேன், யோசித்துச் சொல்லவில்லை, என் வாய் சொல்லிற்று, காந்தி மார்க்கெட்டுக்கு என்று அதுவே சேர்த்தும் சொல்லிற்று, அப்புறம் அந்தப் பொய் எனக்கு முன்னால் ஓடிப்போய் ஆஸ்பத்திரி வாசலில் எனக்காக நின்றது, ஒரு இளம் டாக்டரம்மா, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு, கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்ததப் பாத்தீங்க என்று கேட்டார், பத்தேகால், நான் வெளிய கிளம்புனப்ப என்றேன், ஸ்கேன் முடிந்து வரும்போது இரண்டு ஐம்பது, என் கையில் போன், போனில் சுகந்தி அழுதுகொண்டிருந்தாள், ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், டாக்டரம்மா சொன்னார், ரத்தக்கட்டியக் கரைக்கிற ஊசி இருக்கு, ஆனா ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும், நீங்க சொல்ற கணக்குல அது தாண்டிருச்சு, பதினோரு மணிக்கு மேல அவங்க நடந்தாங்க, பேசினாங்கன்னு யாராவது உறுதியாச் சொன்னா நான் இப்பவே போடுவேன், போன் பண்ணாங்களா, பக்கத்து வீட்டுக்காரங்க யாராவது பாத்தாங்களா.

பதினொன்னு இருபதுக்கு, என்று நான் ஆரம்பித்தேன், உண்மையிலேயே ஆரம்பித்தேன், அதை மட்டும் யாராவது எனக்காக எங்காவது எழுதி வைக்கட்டும், பதினொன்னு இருபதுக்கா, நீங்கதான் வெளிய இருந்தீங்களே என்று டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார், கையிலிருந்து சுகந்தியின் குரல், அப்பா, என்னப்பா, நீங்க அம்மாவப் பாத்தீங்களா, எப்ப பாத்தீங்க, அந்த நடைக்கூடம் நீளமானது, வெறும் சுவர், பளிங்குத் தரை, அவள் குரல் நாலு சுகந்தியாகப் பெருகி எல்லாப் பக்கத்திலிருந்தும் என்னைக் கேட்டது, பாத்தீங்களா, பாத்தீங்களா, நான் சொன்னேன், இல்லம்மா, ஏதோ ஒரு நெனப்புல சொல்லிட்டேன், வெளியதான் இருந்தேன், டாக்டரம்மா ஒரு நொடி என் முகத்தையே பார்த்தார், சரி என்று தலையசைத்துத் திரும்பிப் போனார், அவருடைய செருப்புச் சத்தம் போகப்போகக் குறைந்தது, ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாம், பத்தடிகூட இல்லை, இன்றைக்கும் நான் அந்தப் பத்தடியை ஓடிக்கொண்டிருக்கிறேன், இன்றைக்கும் போய்ச் சேரவில்லை.

அன்று சாயங்காலம் துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது ஈரத்துணியால் அந்தக் கைத்தடங்களைத் துடைத்தேன், மாவு காய்ந்து மெத்தையின் தையலுக்குள் இறங்கியிருந்தது, நகத்தால் சுரண்டினேன், மறுநாள் விடிவதற்குள் சுகந்தி வந்து இறங்கிவிடுவாள், அவள் கண்ணில் படக்கூடாது, ஏழும் போகும்வரை தேய்த்தேன், தேய்த்த இடம் மட்டும் மற்ற இடத்தைவிட வெளுத்துப்போனது.

இருபத்திரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள், சக்கர நாற்காலியில், வலப்பக்கம் உணர்வில்லை, பேச்சில்லை, நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, சொல்ல வருவது மட்டும் வாய்க்கு வந்து சேரவில்லை, எதைச் சொல்ல முயன்றாலும் த, த என்று ஒரே ஓசை, சுகந்தி ஒரு மாதம் கூடவே இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள், போகும்போது என்னைக் கட்டிக்கொண்டு, பாவம்ப்பா நீங்க, வந்து பாத்தப்ப எப்படித் துடிச்சிருப்பீங்க என்றாள், அவள் தோளுக்கு மேலே ரஞ்சிதம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த வீட்டில் நடந்தது இரண்டே பேருக்குத்தான் தெரியும், ஒருத்தன் சொல்லமாட்டான், ஒருத்தியால் சொல்லமுடியாது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க நஸ்ரின் என்று ஒரு பெண் வாரத்தில் மூன்று நாள் வந்தாள், தலையில் முக்காடு, தோளில் படஅட்டைகள் நிறைந்த பை, பொறுமையே உருவானவள், ஹாலில் உட்கார்ந்து நாலு நாள் பார்த்துவிட்டு, அங்கிள், இங்க வேலைக்காகாது என்றாள், ஃபேன் சத்தம், ரோட்டுச் சத்தம், டைல்ஸ்ல எல்லாமே எதிரொலிக்கிது, அம்மா சொல்றது ‘பா’வா ‘தா’வான்னு எனக்கே தெரியல, அவங்களுக்கும் அவங்க சொன்னது குழம்பித்தான் திரும்பக் கேக்கும், அப்புறம் எப்படித் திருத்திக்குவாங்க, கார்ப்பெட், கர்ட்டன் போட்ட சின்ன ரூம் ஏதாவது இருக்கா என்று கேட்டுக்கொண்டே எழுந்தவள் அந்தக் கதவைத் திறந்துவிட்டாள், உள்ளே போய்த் தன்னுடைய பெயரைத் தானே சொல்லிப் பார்த்தாள், நஸ்ரின், நஸ்ரின் என்று, அல்லாவே, இத வச்சுக்கிட்டா ஹால்ல உக்காந்திருக்கோம் என்றாள், அந்த ரூம் வேணாம்மா என்றேன், ஏன் அங்கிள் என்று கேட்டுக்கொண்டே அவளே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள், வாசலில் ரஞ்சிதத்தின் இடது கை சக்கரத்தை இறுக்கிப் பிடித்து நிறுத்திற்று, கதவின் அடிப்பாகத்தைப் பார்த்தாள், வெளுத்த இடத்தை, வெகு நேரம் பார்த்தாள், பிறகு அண்ணாந்து என்னைப் பார்த்தாள், துடைத்தது யார், எதற்குத் துடைத்தேன் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது, கையை எடுத்தாள், சக்கரம் உருண்டது.

அந்த அறைக்குள் எனக்கு அவள் முழுசாகக் கேட்டாள், இதை எப்படிச் சொல்வது, முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவள், ஹாலிலும் அடுப்படியிலும் அவள் பேசியதில் பாதியை என் செத்த காதும் எதிரொலிக்கும் சுவர்களும் தின்றுவிட்டிருக்கின்றன, இங்கே ஒன்றும் தின்னப்படவில்லை, நாக்கு பல்லைத் தேடித் தவறும் ஓசை, எச்சில் விழுங்கும் ஓசை, ஒரு எழுத்துக்காக அவள் மூச்சை இழுத்துப் பிடித்து, அது வராமல் மூச்சை விட்டுவிடும்போது மூக்கில் வரும் சின்ன ஊதல், எல்லாம் என் மடியில் வந்து விழுந்தன, நஸ்ரின் வராத நாட்களில் நானே அவளை வைத்துப் பயிற்சி செய்தேன், ப, ம, அம்மா, பால், ஒன்று, இரண்டு, புரட்டாசி போய் ஐப்பசி போய் மழை ஓய்ந்து, பேசு ரஞ்சிதம் பேசு என்று அவள் காலடியில் உட்கார்ந்து கெஞ்சுவேன், கெஞ்சும்போதே எனக்குள் இன்னொருவன் பேசாதே பேசாதே என்று கும்பிட்டுக்கொண்டிருப்பான், ஒரு எழுத்து தேறினால் சந்தோஷத்தில் கண் கலங்கும், அடுத்த கணம் இன்னும் எத்தனை எழுத்து தேறினால் அந்த வாக்கியம் வரும் என்று எண்ண ஆரம்பிப்பேன், நஸ்ரினின் படஅட்டைகளில் கதவு படம் ஒன்று இருந்தது, அதை எடுத்து அலமாரியில் புத்தகங்களுக்குப் பின்னால் செருகிவிட்டேன், கதவு கார்டு எங்க அங்கிள் என்று நஸ்ரின் கேட்டபோது தெரியலையேம்மா என்றேன், ரஞ்சிதம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், எடுத்ததையும் பார்த்தாள், தெரியாது என்றதையும் பார்த்தாள், அந்த வாரம் முழுவதும் அவள் என் கையால் சோறு வாங்கவில்லை, வேலைக்கு வரும் அம்மாள் ஊட்டினால் மட்டும் வாயைத் திறந்தாள்.

பொங்கலுக்குச் சுகந்தி வந்தாள், அம்மா பத்துப் பதினைந்து சொல் சொல்கிறாள் என்று போனில் கேட்டு ஆசையோடு வந்தவள், சாப்பிட்டு முடித்த மத்தியானம் மூவரும் அந்த அறையில், சுகந்தி சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து அம்மாவின் மரத்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தடவிக்கொடுக்கிறாள், எங்க, எனக்கு ஏதாவது சொல்லு பாப்போம் என்கிறாள், ரஞ்சிதம் தன் வலது கையைப் பார்க்கிறாள், கை என்கிறாள், ஆமாம்மா, கை, சூப்பர், என்கிறாள் சுகந்தி, ரஞ்சிதம் தலையை ஆட்டுகிறாள், அதில்லை என்பதுபோல, மூச்சை இழுக்கிறாள், எனக்குத் தெரிந்துவிட்டது, அவள் நாக்கு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று அந்த அறையில் எனக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை, வந், என்கிறாள், நிறுத்துகிறாள், வந்தேன் என்கிறாள், எங்கம்மா வந்தே என்கிறாள் சுகந்தி, ரஞ்சிதம் இடது கையைத் தூக்கிக் கதவைக் காட்டுகிறாள், பிறகு என்னைக் காட்டுகிறாள், இவர், இவர்ட்ட, கை, வந்தேன், நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது, சுகந்தி சிரிப்பு மாறாத முகத்தோடு என் பக்கம் திரும்பி, என்னப்பா சொல்றாங்க என்று கேட்டாள்.

சொல்லிவிட்டேன், பத்தேகாலிலிருந்து சொன்னேன், மழைக்காட்சியைச் சொன்னேன், பதினொன்று இருபதைச் சொன்னேன், நான் கையை ஆட்டியதை, அதுவும் இரண்டுதரம் ஆட்டியதை, ரிமோட்டை, கைத்தடங்களை, ஏழு என்ற எண்ணிக்கையை, துணியை, மார்க்கெட்டுக்குப் போகாததை, என் குரல் எனக்கே சகிக்காமல் கேட்டது, ஒளிந்துகொள்ள ஒரு எதிரொலிகூட இல்லாமல், சுகந்தி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை, அன்னிக்கு டாக்டர் கேட்டப்ப நான் போன்ல இருந்தேன்ப்பா என்றாள், ஆமாம்மா என்றேன், நான் உங்களக் கேட்டேன்ப்பா, பாத்தீங்களா பாத்தீங்களான்னு கேட்டேன், ஆமாம்மா என்றேன் மறுபடி, ஒரு ஊசிப்பா, ஒரு ஊசி, என்று சொன்னாள், சொல்லிவிட்டு அம்மாவின் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், அந்தக் கைக்கு அவள் கண்ணீரின் சூடு தெரிந்திருக்காது, ரஞ்சிதம் இடது கையால் மகளின் தலையைத் தடவினாள், என்னைப் பார்க்கவில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தவளின் களைப்பில் கண்ணை மூடியிருந்தாள்.

மறுநாள் காலை சுகந்தி என்னோடு பேசாமல் பெட்டியைக் கட்டினாள், கட்டிவிட்டு அந்த அறைக்குள் அம்மாவின் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு, அம்மா, உன் இஷ்டம், இங்க இருக்கியா, என்கூட ஓசூருக்கு வர்றியா என்று கேட்டாள், நான் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நஸ்ரின் இரண்டு மாதமாகப் போராடியும் அவள் நாக்கில் நிற்காத எழுத்து அந்த றகரம், ரஞ்சிதம் அவசரப்படவில்லை, நாக்கை மேலே கொண்டுபோய் வைத்தாள், வர்றேன் என்றாள், கொஞ்சமும் சிதறாமல், முதல் எழுத்திலிருந்து கடைசி மெய் வரைக்கும் முழுசாக, அந்த அறை அதை அப்படியே கொண்டுவந்து என்னிடம் சேர்த்தது, வேறெதுவாகவும் கேட்டதாக நான் பாவனை செய்ய ஒரு துளி மங்கல்கூட அதில் இல்லை.

இது பங்குனி, அவர்கள் போய் இரண்டு மாதமாகிறது, தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சுகந்தி போன் போடுவாள், அம்மா முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவாள், ஹலோ என்றுகூட என்னிடம் சொல்வதில்லை, நான் சவுண்டு ரூமுக்குள் போய்க் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு போனைப் பெரிய ஸ்பீக்கரில் இணைத்துக் கேட்பேன், ரஞ்சிதம் ஏதோ சொல்கிறாள், சொல்லச் சொல்ல அந்த ஓசூர் வீட்டின் சுவர்கள் அவள் சொல்லை நசுக்குகின்றன, ஒன்றும் புரியவில்லை, என்ன ரஞ்சிதம், என்ன சொன்னே என்று நான் கத்துகிறேன், அவள் களைத்துப் பேசாமலாகிவிடுகிறாள், வாரக்கணக்கில் இப்படியே போயிற்று, தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போலிருந்தது, நான் போகாத வீடு அது, ஆனாலும் கேட்கக் கேட்க அந்த அறை எனக்குக் கண்ணில் தெரிய ஆரம்பித்தது, டைல்ஸ் தரை, எதிரே பெரிய கண்ணாடி, திரை கிடையாது, பக்கத்தில் ஒரு இரும்பு பீரோ, அவள் சொல்லுக்கு அது மட்டும் கிண்ணென்று கூடப் பேசுகிறது, நாற்காலியை மூலைச்சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறார்கள், ஒருநாள் தாங்காமல் போனில் சொன்னேன், சுகந்தி, நீ என்கூடப் பேசவேணாம், இத மட்டும் கேட்டுக்கோ, அம்மாவ மூலைலேர்ந்து நடுவுக்குக் கொண்டா, கீழ ஒரு ஜமக்காளத்தப் போடு, ஜன்னலுக்குக் கனமான போர்வை ஏதாவது ரெண்டு மடிப்பாத் தொங்கவிடு, பீரோ மேல ஒரு பெட்ஷீட்டப் போத்து, அவ்வளவுதான், அம்மா பேசறது அவளுக்கே நல்லாக் கேட்கும், சீக்கிரம் தேறிடுவா, எனக்காக இல்ல, அவளுக்காகச் செய், அந்தப் பக்கம் இணைப்பு அறுந்துவிட்டது.

அடுத்த நாள் ஐந்து மணிக்குப் போன் அடித்தது, எடுத்தேன், யாரும் பேசவில்லை, ஆனால் அந்த மௌனமே வேறாக இருந்தது, கிண்ணென்ற ஓசை இல்லை, சுவர்கள் பின்வாங்கியிருந்தன, எங்கோ துணி உரசுவது கேட்டது, சுகந்தி செய்திருக்கிறாள், நான் சொன்ன அத்தனையையும் ஒரு வார்த்தை பேசாமல் செய்திருக்கிறாள், பிறகு மூச்சு, எனக்குத் தெரிந்த மூச்சு, ஒரு எழுத்துக்காக இழுத்துப் பிடிக்கிற மூச்சு, முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அவள் நாக்கு மேலண்ணத்தைத் தேடிப்போவது இந்த அறையில் எனக்குக் கேட்டது, கே, என்றாள், நிறுத்தினாள், நான் ஸ்பீக்கருக்கு முன்னால் கார்ப்பெட்டில் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன், கேக்குதா என்றாள்.

போனில் எல்லாரும் கேட்பதுதான், சுகந்தி சொல்லிக்கொடுத்திருக்கலாம், வேறொன்றும் அதில் இல்லாமலும் இருக்கலாம், வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது, அவள் காத்திருந்தாள், மறுபடி மூச்சை இழுத்தாள், கேக்குதா என்றாள், இந்தமுறை கொஞ்சம் உரக்க, கேக்குது என்றேன், கேக்குது ரஞ்சிதம், கேக்குது, நான் இங்கதான் இருக்கேன், அழுகையில் என் சொல் அவளுக்குப் புரிந்ததோ என்னவோ, அந்தப் பக்கம் அவள் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது, போனை வைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.